1943-45-ல் பிறந்தவர்களுக்கு மட்டும் பிறந்த தேதி ஒரு நாள் குறைகிறது, ஏன்?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், இனிமேல் யாரிடமாவது கேட்டே ஆகவேண்டும்.

ஓய்வூதியதாரர் சங்கம் ஒன்றுக்கு உறுப்பினர் பதிவுப் பக்கம் செய்து கொடுத்தேன். முன்பக்கம் ரியாக்ட், பின்னால் நோட், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல், சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடுகிறது. பிறந்த தேதிக்கு ஒரு டேட் பிக்கர் போட்டிருக்கிறேன், அது டேட் ஆப்ஜெக்ட்டாகத்தான் கொடுக்கும், அதை அப்படியே ஜேசனில் (தகவலை எழுத்தாக்கி அனுப்பும் வடிவம்) போட்டு அனுப்பிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் எல்லாருக்குமே ஒரு நாள் குறைந்து பதிவானது. 10-ஆம் தேதி கொடுத்தால் 9 என்று விழும். தேடிப் பார்த்ததில், நம் நேரம் யுடிசியை விட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் வரும் வினை என்று புரிந்தது. சரி என்று சர்வரில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி (19800000 மில்லிசெகண்டு), அதற்குப் பிறகு முதல் 10 எழுத்தை வெட்டி டேட்டாபேஸில் போட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது. அதற்கு முந்தைய பதிவுகளையும் உட்கார்ந்து கையால் திருத்தினேன். பணமும் வாங்கியாயிற்று.

போன வாரம் சங்கச் செயலாளர் கூப்பிட்டு, "தம்பி, ஒரு பெரியவர் வந்து சத்தம் போடுகிறார், ஆதாரில் 1943 ஜூன் 10 இருக்கிறதாம், உங்கள் பக்கத்தில் 9 காட்டுகிறதாம்" என்றார். யாரோ தப்பாக அடித்திருப்பார்கள் என்று நினைத்து நானே நேரில் போய் என் லேப்டாப்பில் அவர் கண் முன்னால் 10 என்று போட்டேன். 9 என்று விழுந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, விடுங்கள்.

அதன்பின் வயதானவர்கள் சிலருடைய ஆதார் நகலை எடுத்து ஒப்பிட்டதில் இதுவரை 7 பேருக்கு ஒரு நாள் குறைகிறது. 1943, 1944, 1945 என்று எல்லாம் அந்தக் காலத்தில் பிறந்தவர்கள். 1946-க்கு மேல் ஒரு தப்பும் இல்லை. பழைய தேதி என்பதால் ஏதோ ஆகிறது என்று சொல்லலாம் என்றால், 1938-ல் பிறந்த ஒரு அம்மாவுக்குச் சரியாக இருக்கிறது, 1942 ஜூலையில் பிறந்தவருக்கும் சரியாக இருக்கிறது! என்ன கணக்கு இது?


அரைக்காப்படி:

சர்வரின் டைம்ஸோனை ஏசியா கொல்கத்தா என்று மாற்றிவிடுங்கள் ப்ரோ, கூட்டல் கழித்தலே தேவைப்படாது. நான் எல்லா ப்ராஜெக்ட்டிலும் முதல் வேலையாக அதைத்தான் செய்வேன். நமக்கெல்லாம் எதற்கு லண்டன் நேரம்.


பின்கதவு:

அதை மாற்றினாலும் இவருக்கு ஒன்றும் ஆகாது. இவர் வெட்டி எடுப்பது, டேட் ஆப்ஜெக்ட்டை எழுத்தாக்கும் டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் கொடுக்கும் சரத்தின் (ஸ்ட்ரிங்) முதல் 10 எழுத்தை. சர்வர் சென்னையில் இருந்தாலும் சந்திரனில் இருந்தாலும் அது யுடிசியில்தான் எழுதும். ஜேசனில் போடும்போதும் உள்ளே அதே ஃபங்ஷன்தான் ஓடுகிறது.

வைகைக்கரை, ஊகம் எல்லாம் வேண்டாம். பிரவுசரில் நெட்வொர்க் டேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு தேதி போடுங்கள், 1942 ஜூலை 15 ஒன்று, 1943 ஜூன் 10 ஒன்று. சர்வருக்கு என்ன சரம் போகிறது என்று எழுத்துக்கு எழுத்து இங்கே சொல்லுங்கள். உங்கள் சர்வர் கோடுக்கு வருவதற்கு முன்பே விஷயம் நடந்துவிட்டது என்று எனக்கு ஒரு சந்தேகம்.


வைகைக்கரை:

பார்த்தேன் அண்ணா. 

1942 ஜூலை 15 போட்டால் போவது: 1942-07-14, 18:30 யுடிசி.
1943 ஜூன் 10 போட்டால் போவது: 1943-06-09, 17:30 யுடிசி.

முதலாவதில் ஐந்தரை மணி கூட்டினால் நள்ளிரவு 12, தேதி 15, சரி. இரண்டாவதில் கூட்டினால் இரவு 11 மணிதான் ஆகிறது, தேதி 9-லேயே நின்றுவிடுகிறது. அந்த ஒரு மணி நேரத்தை யார் தின்றது? குரோமில் பக் என்று எங்காவது புகார் செய்யவேண்டுமா?


பின்கதவு:

குரோமில் பக் இல்லை, குரோம் ரொம்ப ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைத் தின்றது இரண்டாம் உலகப் போர்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போர்க்காலத்தில் இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அப்போது நம் நேரம் யுடிசி கூட்டல் ஆறரை. 1942 செப்டம்பர் 1-லிருந்து 1945 அக்டோபர் 15 வரை அது ஓடியது. அதற்கு முன்பும் ஒரு தடவை, 1941 அக்டோபரிலிருந்து 1942 மே 15 வரை. நடுவில் ஒரு மூன்றரை மாதம் பழையபடி ஐந்தரைக்கு வந்துவிட்டுப் போனது, உங்கள் 1942 ஜூலைக்காரர் தப்பித்தது அதனால்தான்.

உலகத்தில் எந்த ஊரில் எப்போது கடிகாரத்தை மாற்றினார்கள் என்று தொகுத்து வைத்திருக்கும் ஒரு பெரிய கோப்பு இருக்கிறது, டிஇசட் டேட்டாபேஸ் என்பார்கள். ஆர்தர் டேவிட் ஓல்சன் ஆரம்பித்தது, இப்போது பால் எகர்ட் பார்த்துக்கொள்கிறார். லினக்ஸ், பிரவுசர், ஜாவா, பிஎச்பி எல்லாம் கடைசியில் அந்தக் கோப்பைத்தான் நம்பியிருக்கின்றன. ஏசியா கொல்கத்தா என்று நாம் சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறோம், அது ஐந்தரை என்ற ஒற்றை எண்ணுக்கு வைத்த பெயர் இல்லை, ஒரு முழு வரலாறு. கன்சோலில் 1943 ஜூன் 10-க்கு ஒரு டேட் ஆப்ஜெக்ட் செய்து (மாதத்துக்கு 5 போடவேண்டும், ஜனவரி 0 என்பது தெரிந்ததுதானே) கெட்டைம்ஸோன்ஆஃப்செட் (யுடிசியோடு எத்தனை நிமிட வித்தியாசம்) கேட்டுப் பாருங்கள். இன்றைய தேதிக்கு -330 வரும், அதற்கு -390 வரும். நேரம் இருந்தால் 1900-க்கும் ஒரு டேட் ஆப்ஜெக்ட் செய்து அதையே சரமாக அச்சிட்டுப் பாருங்கள், +0521 என்று விசித்திரமாக ஒன்று காட்டும். அது மெட்ராஸ் நேரம்! ஐந்து மணி 21 நிமிடம் 10 விநாடி. 1906-க்கு முன் ரயில்வே எல்லாம் மெட்ராஸ் கடிகாரத்தை வைத்துத்தான் ஓடியது, அது இன்னும் உங்கள் பிரவுசருக்குள் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சின்ன சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தரைக்குப் பதில் அந்தந்த வருடத்துக்கு ஏற்ற எண்ணைக் கூட்டலாமே என்று மட்டும் போய்விடாதீர்கள். தப்பு கூட்டலில் இல்லை. பிறந்த தேதியை ஒரு கணமாக மாற்றினீர்களே, அங்கேதான் இருக்கிறது. டேட் ஆப்ஜெக்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர அதற்குள் தேதியே கிடையாது, 1970 ஜனவரி 1 யுடிசி நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிசெகண்டு என்ற ஒரு எண் மட்டும்தான் இருக்கிறது. பெரியவர் ஜூன் 10-ல் பிறந்தார் என்றால் அது ஒரு காகிதத்தில் எழுதிய மூன்று எண்கள், அவ்வளவுதான். அதை இந்தப் பெட்டிக்குள் போட்டு, கடல் கடத்தி, திரும்ப எடுத்து வெட்டுவதற்குப் பதிலாக அந்த மூன்று எண்களையே அனுப்பிவிடுங்கள்.

செய்யவேண்டியது இதுதான். பிக்கர் கொடுக்கும் ஆப்ஜெக்ட்டிலிருந்து பிரவுசரிலேயே கெட்ஃபுல்இயர், கெட்மந்த் (1 கூட்டி), கெட்டேட் மூன்றையும் எடுத்து, ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் 0 போட்டு, 1943-06-10 என்று சரமாக்கி அனுப்புங்கள். சர்வரில் அதை டேட் ஆப்ஜெக்ட் ஆக்காதீர்கள், வடிவம் சரியா, அப்படி ஒரு தேதி உண்டா என்று மட்டும் பார்த்துவிட்டு மைஎஸ்க்யூஎல்லில் டேட் வகை நெடுவரிசையில் போடுங்கள். டைம்ஸ்டாம்ப் வகை நெடுவரிசை வேண்டவே வேண்டாம், அது 1970-க்கு முன்னால் போகாது, 2038 ஜனவரி 19-க்குப் பின்னாலும் போகாது.

திரும்ப எடுக்கும்போதும் ஒரு குழி இருக்கிறது. நோடில் மைஎஸ்க்யூஎல் டிரைவர் டேட் நெடுவரிசையில் இருப்பதையும் தானாகவே டேட் ஆப்ஜெக்ட் ஆக்கித்தான் கொடுக்கும். டேட்ஸ்ட்ரிங்ஸ் என்ற ஆப்ஷனை ட்ரூ என்று வைத்தால் சரமாகவே வரும். வைக்காவிட்டால் இங்கே எல்லாம் சரியாகத் தெரியும், அந்தப் பெரியவரின் மகன் அமெரிக்காவில் உட்கார்ந்து அப்பாவின் பக்கத்தைத் திறந்தால் அங்கே 9 என்று காட்டும். மறுபடி உங்களுக்குத்தான் போன் வரும்.

இன்னொன்று, 1943-06-10 என்பதுபோல் நடுக்கோடு போட்ட தேதியை மட்டும் கொடுத்து டேட் ஆப்ஜெக்ட் செய்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். அதே தேதிக்குப் பின்னால் நேரத்தையும் சேர்த்து, டைம்ஸோன் போடாமல் கொடுத்தால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், ஸ்டாண்டர்டே அப்படித்தான். என் அனுபவத்தில், லாகில் சம்பந்தமில்லாமல் 18:30 தலைகாட்டினால் யாரோ நம் ஊர் நள்ளிரவை யுடிசி ஆக்கியிருக்கிறார்கள், திரையில் காலை 5:30 தலைகாட்டினால் யாரோ யுடிசி நள்ளிரவை நம் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். 1970 ஜனவரி 20 அல்லது 21 என்று வந்தால் செகண்டைக் கொண்டுபோய் மில்லிசெகண்டு கேட்கும் இடத்தில் கொடுத்திருக்கிறீர்கள், 10 இலக்க எண்ணா 13 இலக்க எண்ணா என்று எண்ணிப் பாருங்கள்.


கொழும்புத்துறை:

வைகைக்கரை, உங்களுக்கு 80 வயது தாண்டினவர்களோடு பிரச்சினை முடிந்துவிட்டது, நீங்கள் கொடுத்து வைத்தவர். நாங்கள் இதே ஐந்தரையைக் கூட்டுகிற வேலையைச் செய்துவிட்டுப் பட்ட பாட்டைக் கேளுங்கோ.

இலங்கையில் 1996 மே மாதம் நேரத்தை ஆறரை ஆக்கினவை, மின்வெட்டுக் காலம் அது. அதே வருடம் அக்டோபரில் ஆறு ஆக்கினவை. பிறகு 2006 ஏப்ரல் 15-ல்தான் திரும்ப ஐந்தரைக்கு வந்தது. அப்படியென்றால் அந்தப் பத்து வருடத்துக்குள் பிறந்த பிள்ளைகளின் நள்ளிரவு யுடிசியில் 18:00 மணி (முதல் ஐந்து மாதத்துக்கு 17:30). ஐந்தரையைக் கூட்டினால் முதல் நாள் இரவு பதினொன்றரையில் போய் நிற்கும். நாங்கள் செய்தது ஒரு கல்வி நிலையத்துக்கான பதிவுப் பக்கம். வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தப் பத்து வருடத்துக்குள் பிறந்தவர்கள்! வயது கூடிய ஆசிரியர்களின் தேதிகள் சரி, மாணவர்களின் தேதிகள் மட்டும் பிழை. எங்கட ஆட்கள் இரண்டு நாள் மாணவர் ஃபார்மின் கோடையே தோண்டிக்கொண்டிருந்தார்கள், ஆசிரியர் ஃபார்மும் அதே கோட்தான் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.


வைகைக்கரை:

தலை சுற்றுகிறது. உலகப் போரெல்லாம் என் ஃபார்முக்குள் வரும் என்று நினைக்கவே இல்லை. மிக்க நன்றி இரண்டு பேருக்கும்.

இரண்டு சந்தேகம். ஒன்று, எங்கே படித்தாலும் "எல்லாவற்றையும் யுடிசியில் சேமி" என்றுதானே சொல்கிறார்கள், அது தப்பா? இரண்டு, ஏற்கெனவே தப்பாக ஏறிய பதிவுகளை ஒரே அப்டேட்டில் ஒரு நாள் கூட்டிவிடலாமா, அல்லது ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டுமா?


செமிகோலன்:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், நான் இதில் அடி வாங்கியவள். நடந்து முடிந்த விஷயத்துக்கு யுடிசி: எப்போது லாகின் செய்தார், எப்போது பணம் கட்டினார், இதெல்லாம். பிறந்த தேதி, கல்யாண நாள், பண்டிகைக்கு டைம்ஸோனே கிடையாது, வெறும் தேதி. மூன்றாவதாக ஒரு ஜாதி இருக்கிறது, இனிமேல் நடக்கப்போவது. அடுத்த வருடம் ஒரு ஊரில் காலை 10 மணிக்குக் கூட்டம் என்றால் அந்த 10 மணியையும் அந்த ஊரின் டைம்ஸோன் பெயரையும்தான் சேமிக்கவேண்டும். இப்போதே யுடிசி ஆக்கிவைத்துவிட்டு, நடுவில் அந்த நாடு கடிகாரத்தை மாற்றிவிட்டால் கூட்டம் 9 மணிக்கோ 11 மணிக்கோ போய்விடும். கொழும்புத்துறை சொன்னதுபோல் நாடுகள் மாற்றத்தான் செய்கின்றன.

ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே இதற்குத் தனித்தனி டைப் வந்துகொண்டிருக்கிறது, டெம்போரல் என்று பெயர். அதில் ப்ளெயின்டேட் என்பது வெறும் தேதி, டைம்ஸோன் ஒட்டவே ஒட்டாது. பயர்பாக்ஸ் 139-லிருந்து இருக்கிறது, இல்லாத பிரவுசருக்குப் பாலிஃபில் (அந்த வசதியைத் தரும் மாற்று கோடு) போடலாம். ஆனால் உங்களுக்கு இந்த ஒரு ஃபீல்டுக்காக அது தேவையில்லை, சரமே போதும்.

அப்புறம் சங்கத்தில் எக்செல் ஷீட் கொடுத்து மொத்தமாக ஏற்றச் சொல்வார்கள், கண்டிப்பாகச் சொல்வார்கள், அதற்கு ஒரு எச்சரிக்கை. நான் பிஎச்பியில் அப்படி ஒன்று செய்தேன். ஷீட்டில் தேதி எல்லாம் நாள், மாதம், வருடம் என்று சாய்கோடு போட்டு இருந்தது. பிஎச்பியின் ஸ்ட்ர்டுடைம் சாய்கோட்டைப் பார்த்தால் அமெரிக்க முறை என்று எடுத்துக்கொள்ளும், நடுக்கோட்டைப் பார்த்தால் நம் முறை என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே 05/03/1950 என்பது மே 3 ஆனது, 05-03-1950 என்று இருந்திருந்தால் மார்ச் 5 ஆகியிருக்கும். 12-ஆம் தேதிக்கு மேல் பிறந்தவர்களுக்கு 13-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் ஃபால்ஸ் வந்தது, அந்த ஃபால்ஸை நான் பார்க்காமல் அப்படியே டேட் ஃபங்ஷனுக்குக் கொடுத்ததால் அது 0 ஆகி, பாதி ஊர் 1970 ஜனவரி 1-ல் பிறந்துவிட்டது. அதையாவது கண்டுபிடித்துவிட்டோம். 12-க்குள் பிறந்து நாளும் மாதமும் இடம் மாறியவர்களைக் கண்டுபிடிக்கத்தான் உயிர் போனது, பார்த்தால் ஒழுங்கான தேதி மாதிரியே இருக்குமே. வடிவத்தை நாமே சொல்லி, கிரியேட்ஃப்ரம்ஃபார்மட் வைத்துப் படிப்பதுதான் வழி. அதுவும் பிப்ரவரி 31 கொடுத்தால் சத்தமில்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிவிடும், எச்சரிக்கை ஏதும் வந்ததா என்று தனியாகக் கேட்கவேண்டும்.


பின்கதவு:

இரண்டாவது கேள்விக்கு. ஐந்தரையைக் கூட்ட ஆரம்பித்த நாளுக்குப் பிறகு ஃபார்ம் வழியாக வந்த பதிவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கையால் திருத்தியதைத் தொட்டால் அது ஒரு நாள் கூடிவிடும். அவற்றில், டேட்டாபேஸில் இப்போது இருக்கும் தேதி 1941 அக்டோபர் 1 முதல் 1942 மே 13 வரையோ, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 13 வரையோ இருந்தால் ஒரு நாள் கூட்டலாம். முதலில் பேக்கப்.

ஆனால் அந்த இரண்டு தொடக்க நாளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1942 செப்டம்பர் 1 நள்ளிரவில்தான் கடிகாரத்தை 12-லிருந்து 1-க்குத் தள்ளினார்கள், அதாவது அன்றைக்கு நள்ளிரவு 12 மணி என்ற ஒன்றே கிடையாது. அந்த நாளைக் கொடுத்தால் பிரவுசர் 1 மணி என்று எடுத்துக்கொள்ளும், உங்கள் கூட்டலில் அது தப்பாமல் செப்டம்பர் 1 என்றே வந்துவிடும். செப்டம்பர் 2-ல் பிறந்தவரும் ஒரு நாள் குறைந்து அதே செப்டம்பர் 1-ல் வந்து விழுவார். 1941 அக்டோபர் 1-க்கும் இதே கதைதான். இரண்டையும் கோடால் பிரிக்கவே முடியாது, காகிதத்தைத்தான் பார்க்கவேண்டும். எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள், ஆதார் நகலை எடுத்து ஒவ்வொன்றாகவே பார்த்துவிடுங்கள், நிம்மதியாகத் தூங்கலாம்.

அந்த டேட் பிக்கரையும் தூக்கிவிடுங்கள். 80 வயதுக்காரரை 1943 வரை அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் பின்னால் போகச் சொல்வது பாவம். நாள், மாதம், வருடம் என்று மூன்று பெட்டி வையுங்கள். பிரவுசரின் சொந்த டேட் இன்புட்டும் மோசமில்லை, திரையில் எந்த வரிசையில் காட்டினாலும் அதன் வேல்யூ எப்போதும் வருடம், மாதம், நாள் என்றே வரும். ஆனாலும் மூன்று பெட்டிதான் என் ஓட்டு.


அரைக்காப்படி:

என் பழைய ப்ராஜெக்ட் ஒன்றை இப்போதுதான் திறந்து பார்த்தேன். 19800000 இருக்கிறது. நாலு இடத்தில். நான் சொன்னதை யாரும் கேட்காதீர்கள்.


வைகைக்கரை:

முடிந்தது. செயலாளரோடு உட்கார்ந்து சாயங்காலம் முழுக்கப் பார்த்தோம், மொத்தம் 11 பேர். பின்கதவு அண்ணா சொன்ன அந்த 1942 செப்டம்பர் 1-ல் உண்மையிலேயே ஒருவர் மாட்டினார்! ஆதார் நகலில் செப்டம்பர் 2 என்று இருந்தது. எதற்கும் கேட்டுவிடலாம் என்று போன் போட்டால், "வீட்டில் ஆவணி என்று மட்டும் சொல்வார்கள் தம்பி, 2 என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்டது, நீங்கள் எதையாவது போடுங்கள்" என்கிறார். 2 என்று போட்டேன்.

மூன்று பெட்டி வைத்தாயிற்று, சரமாகவே போகிறது, சரமாகவே வருகிறது. இன்று காலை செயலாளர் ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருக்கிறார், இன்னொரு கிளையின் உறுப்பினர்களாம், மொத்தமாக ஏற்றவேண்டுமாம். திறந்து பார்த்தேன், பாதிக்குச் சாய்கோடு, பாதிக்குப் புள்ளி, நாலைந்து பேருக்கு வெறும் வருடம். செமிகோலன் அக்கா, கொஞ்சம் ஆன்லைனில் இருங்கள்.